அன்றைக்கு அங்கே இல்லாதவர்கள்

வெள்ளைச் சுறாவுக்குப் பயம் என்பதே கிடையாது என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும். அது பயந்து ஓடியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்த நாளில்தான் என் வாழ்க்கை உருப்பட்டது என்று ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்திரேலியாவின் தென்கரையிலிருந்து அறுபது கிலோமீட்டர் தள்ளி ஒரு பாறைத் தீவு. கடல்நாய்கள் குட்டி போடும் இடம். குட்டிகள் முதன்முதலாகத் தண்ணீரில் இறங்கும் மாதங்களில் வெள்ளைச் சுறாக்கள் அங்கே வந்து சேரும். கூட்டமாக அல்ல. ஒவ்வொன்றும் தனியாக வரும், தனியாக வேட்டையாடும், தனியாகப் போகும். இரண்டு எதிரெதிரே வந்துவிட்டால் சின்னது பெரியதுக்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அவற்றுக்குள் அவ்வளவுதான் உறவு. ஒரு வருஷத்துக்கு மேல் வயிற்றில் சுமந்து பெறும் தாய்கூட, பெற்ற கையோடு ஒரு திசையில் போய்விடும். குட்டி இன்னொரு திசையில் போகும்.

என் பெயர் மங்கையர்க்கரசி. படித்தது ரசாயனம். சுறாவின் மூக்கு எந்த வாடையை எவ்வளவு தூரத்தில் கண்டுபிடிக்கும் என்பது என் ஆராய்ச்சி. எங்கள் படகை ஓட்டியவர் ததேயுஸ், குளச்சலுக்கு மேற்கே சூசைத்துறை என்ற ஊர்க்காரர். தலைமுறை தலைமுறையாக ஆழ்கடலில் சுறாப் பிடிக்கிற ஊர் அது. ஐந்து மீட்டர் நீளச் சுறாவைப் படகோரம் மல்லாக்கத் திருப்பினால் அது கொஞ்ச நேரம் மயங்கினாற்போல் கிடக்கும். அதற்குள் முதுகில் கருவியைப் பொருத்தி, ஒரு கீறல்கூட இல்லாமல் விட்டுவிட அவருக்குத் தெரியும். வெள்ளைக்கார விஞ்ஞானிகள் நாலு பேர் சேர்ந்து செய்யத் திணறியதை அவர் பேச்சு கொடுத்துக்கொண்டே செய்வார்.

அந்த வருஷம் இருபத்துமூன்று சுறாக்களுக்குக் கருவி பொருத்தியிருந்தோம். ஒரு காலையில் இரண்டு ஓர்காத் திமிங்கிலங்கள் வந்தன. ஒரு பெண் சுறாவைப் புரட்டிப் போட்டு, ஈரலை மட்டும் தின்றுவிட்டு, மிச்சத்தை விட்டுவிட்டுப் போய்விட்டன. எல்லாம் இருபது நிமிஷம். அதற்குள் என் திரையில் இருந்த புள்ளிகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. ஆழத்துக்குப் போய், ஆளுக்கொரு திசையில் கிளம்பின. சாயங்காலம் தீவைச் சுற்றி ஒன்றும் இல்லை. மறுநாள் இல்லை. அந்தப் பருவம் முழுவதும் இல்லை. கடல்நாய்க் குட்டிகள் பாட்டுக்கு நீந்திக்கொண்டிருந்தன.

"ஓர்காவுக்குப் பயந்துக்கிட்டு இன்னும் வரல போல" என்றேன்.

ததேயுஸ் ஒத்துக்கொள்ளவில்லை. "ஓர்கா போயி ஒரு மாசம் ஆச்சில்லியா மேடம்? இதுவ அதுக்குப் பயப்படல்ல. செத்ததுக்க வாடைக்குப் பயப்படுது."

"எப்படிச் சொல்றீங்க?"

"எங்க ஊருல ஒரு சட்டம் உண்டு. பிடிச்ச எடத்துல வச்சு சுறாவ வெட்டப்பிடாது. எவ்வளவு பெரிசானாலும் முழுசாக் கரைக்குக் கொண்டு வந்துதான் வெட்டணும். ஒருத்தன் சோம்பல்பட்டுக் கடல்ல வச்சு வெட்டி, கொடலையும் ஈரலையும் அங்கயே தட்டிட்டான்னா, பொறவு அந்த எடத்துல ஒரு வருசத்துக்குத் தூண்டில் போட்டுப் பிரயோஜனம் இல்ல. ஒண்ணும் வராது. அப்பிடிச் செஞ்சவன ஊருல ஒருத்தனும் வள்ளத்துல ஏத்தமாட்டான்."

"ஒரு வருஷம் கழிச்சு வருமா?"

"வரும். ஒரு வருசம்னா கரெக்டா ஒரு வருசம்."

அடுத்த பருவத்தில் தீவுக்குச் சுறாக்கள் வந்தன. அவர் சொன்னபடியே. அதற்குள் செத்த சுறாவின் கிழிந்த உடலிலிருந்து கசியும் நாற்பது சொச்சம் பொருட்களில் எது அந்த வேலையைச் செய்கிறது என்று நான் கண்டுபிடித்திருந்தேன். ஒரு சொட்டை நீச்சல்குளம் அளவு தண்ணீரில் கலந்தாலும் போதும். சுறா திரும்பிப் பார்க்காமல் போய்விடும். என் கட்டுரையின் கடைசியில் ததேயுஸுக்கு ஒரு வரி நன்றி போட்டேன். அவர் அதைப் படம் எடுத்து ஊருக்கு அனுப்பினார்.

ஒரு கம்பெனி அதை வாங்கியது. பெயரைச் சொல்ல எனக்குச் சட்டப்படி அனுமதி இல்லை, சொல்லியும் ஒன்றும் ஆகப்போவதில்லை. குளிக்கிற கடற்கரைகளில் சுறாக்களைக் கொல்லும் வலைகளை எடுத்துவிட்டு என் வாடையை வைத்தார்கள். மனிதனும் சாகவில்லை, சுறாவும் சாகவில்லை. சில வருஷங்கள் நான் மேடைக்கு மேடை மாலை வாங்கினேன். அப்போதெல்லாம் நான் நல்லவள்.

பிறகு சென்னைக் கடற்கரைச் சாலையில் கம்பெனி ஒரு ஆய்வகம் திறந்து என்னை அதற்குத் தலைவியாக்கியது. எனக்கு மேலே இருந்தவர் சபேசன். நல்ல குரல், நல்ல சட்டை, யாரையும் அதட்டாத ஆள். ஒருநாள் காப்பி குடித்துக்கொண்டே கேட்டார்.

"மங்கை, இது சுறாவுக்கு மட்டும்தானா?"

"இல்ல சார். நிறையப் பிராணிகளுக்கு இருக்கு. ஒவ்வொரு இனத்துக்கும் அதோட வாடை வேற."

"மனுஷனுக்கு?"

"நம்ம மூக்கு மழுங்கிப்போச்சு. ஆனா மூளைக்குள்ள அந்தப் பூட்டு இன்னும் இருக்கலாம். சாவிதான் பெரிசா வேணும்."

"பண்ண முடியுமா?"

"எதுக்கு சார்?"

"ஒரு கூட்டம் கல்லெறியுதுன்னு வச்சுக்கோங்க. இப்ப என்ன பண்றாங்க? தடியால மண்டையப் பொளக்கறாங்க, இல்லன்னா சுடறாங்க. உங்க வாடை இருந்தா கூட்டம் தானா கலைஞ்சு போகும். ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. யோசிச்சுப் பாருங்க."

யோசித்துப் பார்த்தேன். எனக்கு நியாயமாகத்தான் பட்டது. யாரோ என்னை ஏமாற்றிச் செய்ய வைத்தார்கள் என்று இந்தக் கதையில் எங்கேயும் நான் சொல்லப் போவதில்லை. நானே செய்தேன், ஆசையாகச் செய்தேன்.

சாவியை மூன்று வருஷத்தில் செய்து முடித்தோம். சம்மதித்து வந்தவர்களை ஒரு அறையில் ஒவ்வொருவராக உட்கார வைத்துச் சோதித்தோம். அவர்களுக்கு வாடை என்று எதுவும் தெரியவில்லை. ஒரு நிமிஷத்துக்குள் முகம் வெளுத்து, எழுந்து, கதவைத் திறந்துகொண்டு போனார்கள். ஏன் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அந்த அறைக்குள் மறுபடி வரச் சொன்னால் வரவில்லை. ஆறு மாதம் கழித்துக் கூப்பிட்டபோதும் வாசலோடு நின்றுவிட்டார்கள். எத்தனை நாளைக்கு இது நிற்கும் என்ற கேள்விக்கு, "சுறாக்களின் நடத்தையைக் கொண்டு கணித்தால் ஏறத்தாழ ஒரு வருடம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யாரையும் இன்னொருவரோடு சேர்த்து உட்கார வைத்து நாங்கள் சோதிக்கவில்லை. தனியாகத் திரிகிற பிராணியிடமிருந்து எடுத்த பாடம் அல்லவா, அது எங்களுக்குத் தோன்றவே இல்லை.

கம்பெனிக்காரர்களுக்குக் குமரிக் கரையில் ஒரு சரக்குத்துறை கட்ட வேண்டியிருந்தது. ஊர்க்காரர்கள் நாலு மாதமாக வள்ளங்களைக் குறுக்கே கட்டி மறித்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஊர் சூசைத்துறை என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் தடுத்திருப்பேனா? தடுத்திருக்கலாம். வேறு ஏதாவது ஊராக இருந்திருந்தால் தடுத்திருக்க மாட்டேன் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும்.

"ஒரு உயிர்கூடப் போகல" என்று சபேசன் எனக்குப் போன் செய்து சொன்னார். "ஊரே காலி. எதிர்பார்த்ததைவிடப் பிரமாதம்."

பதினோரு நாள் கழித்து இன்னொரு போன் வந்தது.

"மேடம், ததேயுஸ் பேசுதேன்."

அவரோடு பேசி நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து வரும், பதிலுக்கு நானும் அனுப்புவேன். ஊருக்கே திரும்பிவிட்டார், கல்யாணம் ஆகி ஒரு பெண் குழந்தை என்று தெரியும்.

"ஒரு காரியம் கேக்கணும். நாங்க அந்தத் தீவுல வெள்ளச் சுறாவுவ ஓடின மாதிரி ஓடினோம் மேடம். அதேபோல. அது நீங்க உண்டாக்கினதுதானா?"

"ஆமா" என்றேன்.

"செரி" என்றார். "வாருங்க. வந்து பாருங்க."

நாகர்கோவில் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். என்னைப் பார்த்ததும் அடிப்பார் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்ததும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் கை சூடாக இருந்தது.

"ஒரு மனுசனத் தொட்டு பதினோரு நாளு ஆச்சு" என்றார்.

பிறகு நடந்ததைச் சொன்னார். காலை பத்து மணி. மேலே என்னவோ சின்னதாகப் பறந்து போனதை ஒருவரும் சட்டை செய்யவில்லை. திடீரென்று எல்லோருக்கும் நெஞ்சு அடைத்தது. எதற்கென்று தெரியாத வெப்ராளம், ஒரு பதற்றம். அந்த ஊரில் நெஞ்சு அடைத்தால் ஒரே அர்த்தம்தான்.

"கடல் வருதுன்னு நெனச்சோம் மேடம். சுனாமிக்குப் பொறவு எங்க ஊருல ஒரு ஏற்பாடு. ஆபத்துன்னா கோயில் மணிய அடிக்கணும். அடிச்சா எல்லாரும் கோயிலுக்க உள்ள வந்திரணும். வந்து, ஒருத்தருக்க கைய ஒருத்தர் பிடிச்சிக்கணும். விடப்பிடாது. அன்னைக்குக் கைய விட்டதுலதான் எங்க ஊருல பாதிப் பேரு போனது. வருசா வருசம் பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுப்போம், விடாதே, விடாதேன்னு."

"மணி அடிச்சது யாரு?"

"நாந்தான்."

நானூற்றுப் பன்னிரண்டு பேரும் கோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வாடையும் உடைகளோடு உள்ளே போனது. பயம் ஏற ஏற இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். என் சோதனையறையில் உட்கார்ந்த ஆள் சுவரைப் பார்த்தான், அதனால் சுவருக்குப் பயந்தான். இவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிஷம் அப்படி இருந்து, பிறகு கதவை உடைத்துக்கொண்டு, திசைக்கு ஒருவராக ஓடினார்கள். சிதறி ஓடியிருந்தால் ஊரை மட்டும்தான் இழந்திருப்பார்கள்.

"என் பொண்டாட்டி ரெஜிலாவுக்க இடுப்புல பிள்ளை இருந்தா. ரெண்டு கையாலயும் சேத்துப் பிடிச்சிருந்தா. நான் மணி அடிச்சிட்டுக் கடைசியா வந்து பிள்ளைக்கக் காலத்தான் பிடிச்சேன். அதனால எனக்குக் கொஞ்சம் பரவாயில்ல. முப்பது அடி வரைக்கும் பிள்ளைக்கிட்டப் போவேன். அதுக்கு மேல காலு எடுக்காது. அவளுக்கு... பெத்தவ. பிள்ளைக்கச் சத்தம் போன்ல கேட்டாக்கூட வாந்தி எடுக்கா."

அதாவது யார் யாரை அதிகமாக இறுக்கிப் பிடித்தார்களோ அவர்கள்தான் அதிக தூரம் ஓடினார்கள். தாய்களும் குழந்தைகளும் முதலில், புதுசாகக் கல்யாணமானவர்கள் அடுத்து. சண்டையில் இருந்த ஒரு அண்ணன் தம்பி மட்டும் ஒரே தெருவில் குடியிருக்கிறார்களாம். ஊர் ஏழெட்டுப் பட்டணங்களில் சிதறிக் கிடந்தது. வள்ளத்துக்கு ஐந்து பேர் வேண்டும், ஐந்து பேர் ஒன்றாக ஏற முடியவில்லை. கம்பெனிமேல் வழக்குப் போட்ட கமிட்டியில் ஒன்பது பேர், அந்த ஒன்பது பேர் ஒரு வக்கீல் அறையில் உட்கார முடியவில்லை. வெளியாட்கள் யாரும் அவர்களைத் தொடலாம், பேசலாம். பயம் அன்றைக்கு அங்கே இருந்த முகங்களிடம் மட்டும்தான்.

"பிள்ளை எங்கே?"

"இங்க ஒரு கன்னியர் மடத்து விடுதியில விட்டிருக்கேன். ஆஷ்லினு பேரு. ஆறு வயசு. ரெஜிலா தூத்துக்குடியில அவளுக்கச் சித்தி மவ வீட்டுல." என் முகத்தை நேராகப் பார்த்தார். "எத்தற நாளு மேடம்? அத மட்டும் சொல்லுங்க."

"ஒரு வருஷம்" என்றேன். "உங்களுக்கே தெரியும். நீங்க சொன்னதுதானே."

அவர் முகம் தெளிந்ததைப் பார்க்க எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. "ஆமா. ஒரு வருசம்னா கரெக்டா ஒரு வருசம்" என்றார். அன்றைக்கே ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் ஒவ்வொருவராகச் செய்தி அனுப்பினார். எல்லோரும் காலண்டரில் அந்தத் தேதியை வட்டம் போட்டு வைத்துக்கொண்டார்கள்.

உடனே வேலையை விட்டேன் என்று சொல்ல ஆசைதான். ஏழு மாதம் கழித்துத்தான் விட்டேன். மாற்றுமருந்துக்கு ஆளும் அறையும் கேட்டேன், சபேசன் அதே நல்ல குரலில் மறுத்துவிட்டார். மாதம் ஒருமுறை நாகர்கோவிலுக்குப் போய் ததேயுஸைப் பார்ப்பேன். ஐஸ் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தார். சாயங்காலம் விடுதி மதிலுக்கு வெளியே முப்பது அடி தள்ளி நின்று மகளோடு கத்திப் பேசுவார். நான் போகும் நாட்களில் ஆஷ்லின் என்னைப் பார்த்துக் கையாட்டுவாள். கிட்டே போக எனக்குத் தைரியம் வரவில்லை.

கெடு முடிய மூன்று நாள் இருந்தபோது பழைய கோப்புகளைத் திறந்தேன். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஓடிப்போன சுறாக்கள் ஒரு வருஷம் கழித்துத் தீவுக்குத் திரும்பி வந்த படங்களை எடுத்துக்கொண்டு போய், ததேயுஸுக்கும் ரெஜிலாவுக்கும் காட்டினால் தெம்பாக இருக்கும் என்று நினைத்தேன்.

வெள்ளைச் சுறாவின் முதுகுத் துடுப்பில் பின்பக்க ஓரம் வெட்டு வெட்டாக இருக்கும். நம் கைரேகை போல ஆளுக்கு ஆள் மாறும். அதை வைத்துத்தான் எது எது என்று அடையாளம் சொல்வோம். ஓடிய இருபத்துமூன்றின் துடுப்புகளை ஒரு பக்கம் வைத்தேன். அடுத்த வருஷம் வந்த பத்தொன்பதை இன்னொரு பக்கம் வைத்தேன். ஒன்றுகூடப் பொருந்தவில்லை. அதற்கடுத்த வருஷப் படங்களைப் போட்டேன். பத்து வருஷத்துப் படங்களையும் போட்டுப் பார்த்தேன். அந்த இருபத்துமூன்றில் ஒன்றுகூட அந்தத் தீவுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. செத்துப்போகவில்லை, வெள்ளைச் சுறா எழுபது வருஷம் வாழும். ஒன்று ஆப்பிரிக்கக் கரையில் நன்றாகவே இருந்தது. வந்ததெல்லாம் புதியவை. அந்தக் காலையில் அங்கே இல்லாதவை. சூசைத்துறைக்காரர்களுக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கும். தூண்டிலில் மாட்டியது பழைய சுறாவா புதுசா என்று யார் பார்த்தார்கள்?

நான் பார்த்திருந்தேன். அதுதான் கொடுமை. என் அட்டவணையில் என் கையெழுத்தில், "பழையவை: 0. புதியவை: 19" என்று இருந்தது. எல்லாவற்றுக்கும் மறுபடி கருவி பொருத்த வேண்டுமே என்ற எரிச்சலில் எழுதிவிட்டு மறந்திருந்தேன். கம்பெனி என்னிடம் வாங்கியபோது சரிபார்த்து அனுப்பிய பிரதியும் இருந்தது. அதில் அந்த ஒரு கட்டத்தை மட்டும் யாரோ மஞ்சள் அடித்து வைத்திருந்தார்கள். ஒரு வருஷத்துக்காக அல்ல, திரும்பவே வராது என்பதற்காகத்தான் அவர்கள் அதை வாங்கியிருந்தார்கள்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் கிளம்பிப் போனேன். கெடு முடிந்த அன்று காலை ஒன்பது மணிக்கு விடுதி மைதானத்தின் வாசலில் ரெஜிலா நின்றுகொண்டிருந்தாள். அன்றுதான் அவளை முதன்முதலாகப் பார்க்கிறேன். சின்ன உருவம், புதுச் சேலை, கையில் ஒரு எவர்சில்வர் டப்பா.

"யக்கா, நீங்கதானே அந்த டாக்டரு? முந்திரிக்கொத்து சுட்டுக் கொண்டு வந்தேன். அவளுக்கு உயிரு." பேசும்போதே அவள் கண் மைதானத்துக்குள் போய்ப் போய் வந்தது. "இன்னைக்குக் காலையில எந்திரிச்சதும் அவளுக்கப் படத்த எடுத்துப் பாத்தேன் யக்கா. கொறச்சு நேரம் பாத்தேன். வாந்தி வரல்ல. செரியாயிட்டு இல்லியா?"

நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

மைதானத்தின் மறுகோடியில், சுவரோரம், ஒரு சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு ஆஷ்லின் நின்றாள். இரட்டைப் பின்னல், சிவப்பு ரிப்பன். ததேயுஸ் ஓரமாக வேப்பமரத்தடியில் இருந்தார், மனைவிக்கும் மகளுக்கும் தோதாகத் தூரம் கணக்குப் பார்த்து. ரெஜிலா உள்ளே நடந்தாள். முதல் இருபது அடி சாதாரணமாகப் போனாள். சிரித்தாள்கூட. நாற்பதாவது அடியில் அவள் தோள்கள் தூக்கிக்கொண்டன. அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் சேற்றிலிருந்து பிடுங்கி வைப்பது போல வைத்தாள். கபடிக் கோட்டருகே முழங்கால் மடங்கியது. எழுந்திருக்காமல் தவழ்ந்தாள். டப்பாவைத் தரையில் தள்ளித் தள்ளிக்கொண்டு தவழ்ந்தாள். அவளால் முடிந்திருக்கும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அவள் செத்தாலும் போயிருப்பாள்.

கத்தியது குழந்தை.

"அம்மா, வரண்டாம்! வரண்டாம்மா! வரண்டாம்!"

சிஸ்டரின் கையை உதறிவிட்டுச் சுவரில் ஏறப் பார்த்தாள். நகம் பெயர்ந்து சுவரில் ரத்தம் பட்டது. ரெஜிலா தவழ்வதை நிறுத்தினாள். பிறகு எழுந்து திரும்பி ஓடினாள். என்னைத் தாண்டி, வாசலைத் தாண்டி, சாலையில் வந்த வண்டிகளைப் பார்க்காமல் ஓடினாள். டப்பா கவிழ்ந்து உருண்டைகள் மண்ணில் கிடந்தன.

வேப்பமரத்தடிக்குப் போய் ததேயுஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துடுப்புகளை, அட்டவணையை, மஞ்சள் அடித்த கட்டத்தை.

"அப்பம் அதுவ வரவே இல்ல."

"இல்ல."

"நாங்க ஒரு வருசம் ஒரு வருசம்னு சொன்னது பூராவும் வேற சுறா."

"ஆமா. அன்னிக்கு அங்க இல்லாத சுறா."

அப்படியே குந்தி உட்கார்ந்து மண்ணை விரலால் கிளறினார். கடலில் காற்று மாறும்போது இப்படித்தான் உட்கார்ந்திருப்பார். பிறகு கேட்டார். "அன்னைக்கு நீங்க எங்க இருந்திய?"

"சென்னையில."

"அப்பம் நீங்களும் அங்க இல்ல."

"ததேயுஸ், நான்..."

"மன்னிப்புக் கேக்காதீங்க. எனக்கு ஒங்க மேல கோவம் இல்லன்னும் நெனைக்காதீங்க. இருக்கு. சாவுற வரைக்கும் இருக்கும்." குரல் உயரவில்லை. "இந்த மடத்துல அறுபது பிள்ளைய. சிஸ்டருமாரு நல்லவங்கதான், சோறு போடுவாங்க, படிப்பிப்பாங்க. ஒருத்தருக்க மடியும் இவளுக்குக் கிட்டாது. இவளுக்க அப்பன் எப்பிடிச் சிரிப்பான், அம்ம எப்பிடிப் பலகாரம் சுடுவான்னு சொல்லதுக்கு இங்க ஆளு இல்ல. எங்க ஊருக்காரன் ஒருத்தனும் கிட்டப் போவ முடியாது. நீங்க என்னை அறிவிய. ரெஜிலாவ இன்னைக்குப் பாத்திட்டிய. நீங்க எடுங்க."

"என்னால முடியாது."

"முடியும். ஒங்களுக்கு மட்டுந்தான் முடியும்."

நாற்பத்தெட்டு வயதுவரை நான் ஒரு குழந்தையைத் தூக்கியதில்லை. அதைச் சொல்லலாமா என்று நினைத்தேன். அதற்குள் அவர் எழுந்து, வாயருகே கையைக் குவித்து வைத்துக்கொண்டு மைதானத்தின் மறுகோடிக்குக் கத்தினார். "மக்கா! ஆஷ்லின்! இந்த டாக்டரு ஆன்ட்டிகிட்டப் போ! பயப்படாத, இவங்க அன்னைக்கு அங்க இல்ல!"

நான் மைதானத்தின் நடுவுக்கு நடந்தேன். அவள் தயங்கி, பிறகு நடந்து, பிறகு ஓடி வந்தாள். ஒரு முகத்தைப் பார்த்துத் தன் கால் பின்வாங்கவில்லை என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். வந்த வேகத்தில் என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். நான் இரண்டு கையையும் அந்தரத்தில் வைத்துக்கொண்டு நின்றேன். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அருவருப்பாக இருந்தது, அவள்மேல் அல்ல.

"குனிஞ்சு தூக்குங்க!" என்று ததேயுஸ் மரத்தடியிலிருந்து கத்தினார்.

குனிந்து தூக்கினேன். நினைத்ததைவிடக் கனமாக இருந்தாள். விரல்களிலிருந்த ரத்தம் என் சட்டையில் பட்டது.

"எடது தோளுல போடுங்க! வலதுல போட்டா அவளுக்குப் பிடிக்காது!"

தோள் மாற்றினேன்.

"காதுக்குப் பின்னால பைய தடவுங்க. அப்பிடித் தடவினாத்தான் அழுகைய நிறுத்துவா."

தடவினேன். அவள் முதுகு விம்மி விம்மி, கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அவர் தன்னையறியாமல் எங்கள் பக்கம் ஒரு காலை எடுத்து வைத்தார், உடனே எடுத்த காலைப் பின்னால் வைத்துக்கொண்டார். அந்த இடத்தில் நின்றபடியே இரண்டு கையையும் மார்பின் குறுக்கே சேர்த்துக் காட்டினார்.

"இன்னும் இறுக்கிப் பிடியுங்க மேடம்!"

நான் இறுக்கிப் பிடித்தேன்.